பீடி முதலாளியும் உட்கார்ந்திருந்த அந்தக் குழு

சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் புற்றுநோய்ப் படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில், பீடி வியாபாரம் செய்கிற ஒருவரும் உறுப்பினராக இருந்தார். 2015-ல் நம் மக்களவையில் நடந்தது இது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பலருக்கு மறந்தும் போயிருக்கும், எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. அரசாங்கத்தில் லாபி செய்கிறவர்களின் (தங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்க வைக்க ஆட்சியில் இருப்பவர்களிடம் பேசிப் பார்க்கிறவர்களின்) கையை எப்படிக் கட்டுவது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குழுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவரை நம் நாட்டில் எச்சரிக்கைப் படம் பெட்டியின் முன்பக்கத்தில் மட்டும், அதிலும் 40 சதவீத இடத்தில்தான் இருந்தது. 2014 அக்டோபரில், ஹர்ஷ் வர்தன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, புது விதி வந்தது: இரண்டு பக்கமும் 85 சதவீதம், அதில் 60 படம், 25 எழுத்து. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அடுத்த மாதமே அவர் வேறு துறைக்கு மாற்றப்பட்டார், ஜே.பி. நட்டா வந்தார். மார்ச் மாதக் கடைசியில், தேதி நெருங்கிவிட்ட நிலையில், மக்களவையின் ஒரு குழு (அரசு போடுகிற விதிகளைச் சரிபார்ப்பதற்காக இருக்கும் குழு, பெயர்கூடப் பலருக்குத் தெரியாது) இந்த விதியை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்று எழுதியது, அமைச்சகமும் நிறுத்திவைத்தது. குழுவின் தலைவர் அகமத்நகர் எம்.பி. திலீப் காந்தி. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று சொல்லும் ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில் நடந்தவை, இந்தியச் சூழலில் ஆய்வு செய்ய வேண்டும் என்றார் அவர். உறுப்பினர்களில் ஒருவர் அலகாபாத் எம்.பி. ஷ்யாமா சரண் குப்தா, சொந்தமாகப் பீடித் தொழில் உள்ளவர். ஓயாமல் பீடி குடித்தும் எந்த நோயும் வராத ஆட்களை என்னால் காட்ட முடியும் என்று அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இருவருமே 2021-ல் இறந்துவிட்டார்கள், அவர்களைத் தனிப்பட்ட முறையில் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு தொழிலில் பணம் போட்டிருப்பவர் அந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தும் விதியை ஆராயும் அறையில் உட்கார முடிகிறது, அதை யாரும் தடுக்கவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

தடுக்க விதியே இல்லையா என்றால், இருக்கிறது. மக்களவை நடைமுறை விதி 255: குழுவில் ஒருவருக்குச் சொந்த நலனோ பண நலனோ இருந்தால் அவர் இருப்பதை ஆட்சேபிக்கலாம், சபாநாயகர் முடிவு செய்வார். ஆனால் யாராவது ஆட்சேபித்தால்தானே? அதற்கு அவருக்கு என்ன தொழில், எதில் பங்கு என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாநிலங்களவையில் உறுப்பினர்கள் தங்கள் நலன்களை எழுதிக் கொடுக்கும் பதிவேடு ஒன்று இருக்கிறது: எந்தக் கம்பெனியில் இயக்குநர், எங்கே கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு, யாருக்குச் சம்பளத்துக்கு ஆலோசகர் என்று. மக்களவையில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. மாநிலங்களவையில் இருந்தும் என்ன, விமான கம்பெனி நடத்திய விஜய் மல்லையா விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். எழுதி வாங்கி வைத்தால் மட்டும் போதாது, எழுதிக் கொடுத்தவர் அந்த விஷயம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும் என்று கட்டாயம் இருக்க வேண்டும். நம்மிடம் பாதிதான் இருக்கிறது, அதுவும் ஒரு அவையில் மட்டும்.

2015 ஏப்ரல் 1 அன்று இன்னொன்றும் நடந்தது. அரசாங்கமே எடுத்த புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் வந்த பெண், வாய்ப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர், இன்னும் முப்பது வயதுகூட ஆகாதவர், அன்றுதான் இறந்தார். பெரிய படம் பெட்டியில் வந்திருக்க வேண்டிய அதே நாள். அதற்குச் சில நாள் முன்புதான் குழுத் தலைவர் பேசியதைக் கேட்டு வருத்தப்பட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் ஊருக்கே தெரிந்த கடிதம். கம்பெனிகள் எந்தெந்த எம்.பி.க்களைப் பார்த்தார்கள், எந்த அதிகாரியிடம் என்ன மனு கொடுத்தார்கள் என்பது மட்டும் இன்றுவரை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்காது.

லாபி என்றதும் பெட்டி பெட்டியாகப் பணம் கைமாறுவதைத்தான் நாம் நினைக்கிறோம். அது லஞ்சம், அதற்குச் சட்டம் இருக்கிறது, பிடிபட்டால் ஜெயில். நான் சொல்வது அதற்குக் கீழே, சட்டத்தை மீறாமலேயே தினமும் நடப்பது. சங்கத்தின் பெயரில் மனு, ஓய்வுபெற்ற அதிகாரியை ஆலோசகராக வைத்துக்கொண்டு பழைய சகாக்களிடம் பேசுவது, தேதி நெருங்கும்போது கூடுதல் அவகாசம் கேட்பது. இதில் எதுவும் குற்றமில்லை, எதுவும் எங்கும் பதிவாவதும் இல்லை. இந்தியாவில் காசு வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனிக்காக அரசிடம் பேசுவதை வேலையாக வைத்திருக்கிற ஒருவர் எங்கும் தன்னைப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

அதனால் நமக்கு இந்த விஷயங்கள் எப்படித் தெரிய வருகின்றன என்று பாருங்கள். 2010-ல் நீரா ராடியா டேப்புகள் வெளிவந்தன. மத்திய அமைச்சரவையில் யாருக்கு எந்த இலாகா என்பது வரை கம்பெனிகளுக்கு லாபி வேலை செய்கிற அந்த ராடியா போனில் பேசிக்கொண்டிருந்ததை நாடே கேட்டது, நம் ஊர் அரசியல்வாதிகளின் பெயர்களும் அதில் நிறைய அடிபட்டன. அது தெரிந்தது எப்படி? வருமான வரித்துறை வேறொரு விசாரணைக்காகப் போனை ஒட்டுக்கேட்டதால். 2012-ல் வால்மார்ட் விவகாரம் வெடித்து நாடாளுமன்றமே முடங்கியது. இந்தியச் சந்தைக்குள் நுழைவது உட்படப் பல விஷயங்களுக்காக 2008-லிருந்து இரண்டரைக் கோடி டாலர் அளவுக்கு லாபிக்குச் செலவு செய்ததாக அந்தக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. யாரிடம்? அமெரிக்க நாடாளுமன்றத்திடம், அந்த நாட்டுச் சட்டம் கேட்பதால். நம் நாட்டில் யார் காரியம் சாதிக்கப் பார்க்கிறார்கள் என்பதை ஒன்று ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், இல்லையென்றால் அடுத்த நாட்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் தெரிந்துகொள்கிறோம். அதற்கு அடுத்த வருடம் ஒடிசா எம்.பி. ஒருவர் லாபியை வெளிப்படையாக்கும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது அப்படியே காலாவதியாகிப் போனது.

மறுபடி பீடிக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இது நெருக்கமான விஷயம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல், மேலப்பாளையம் என்று எந்த ஊருக்குப் போனாலும் மத்தியான நேரத்தில் வீட்டு வாசலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். என் சித்தியும் சுற்றினாள். இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்திருப்பாள், அது பதமானதும் அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை உள்ளே வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், விரல் நிற்காது. சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே வாங்குகிறவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, இது தேறாது என்று ஒரு கை அள்ளித் தனியாகப் போடுவார், அதற்குக் கூலி கிடையாது. கொடுக்கிற இலை கணக்குக்குப் பத்தாது, பற்றாததைச் சொந்தக் காசில் வெளியே வாங்கிச் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பேச்சு வேறு. தூள் நெடியில் ராத்திரி எல்லாம் இருமுவாள்.

டெல்லியில் புகையிலைக்கு எதிராக எந்த விதி வந்தாலும் முதலில் முன்னால் நிறுத்தப்படுவது இந்தப் பெண்கள்தான். லட்சக்கணக்கான பீடித் தொழிலாளர்களின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்பார்கள். அந்தக் கவலை பொய் என்று நான் சொல்ல மாட்டேன், பீடி நின்றால் எங்கள் பக்கத்தில் பல வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்தான், மாற்று வேலை என்று அரசாங்கம் சொல்வது எதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்ததும் இல்லை. ஆனால் அந்தக் கவலை எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று கவனிக்க வேண்டும். பீடி மீது தனியாக ஒரு நல வரி இருந்தது, 1976-லிருந்து. அந்தப் பணத்தில்தான் பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட உதவி, முக்கூடல் மாதிரி இடங்களில் ஆஸ்பத்திரி எல்லாம் நடந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரியை ரத்து செய்துவிட்டார்கள், நலத்திட்டங்கள் வருடா வருடம் பட்ஜெட்டில் ஒதுக்குவதை நம்பி நிற்கின்றன. படத்தின் அளவுக்காக ஒரு வருடம் விதியையே நிறுத்திவைத்தவர்கள், அந்த வரி போனபோது அதையும் கொஞ்சம் நிறுத்திவைத்திருக்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கையிலே தட்டு வைத்திருக்கிறவளுக்கு டெல்லியில் ஆள் இல்லை, அவள் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் அங்கே ஆள் இருக்கிறது.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 1990-களில் நடந்த வழக்குகளால் சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. உலகப் புகையிலை விவசாயிகளின் குரல் என்று சொல்லிக்கொண்ட சர்வதேசச் சங்கத்துக்குப் பின்னால் பணமும் யோசனையும் கம்பெனிகளுடையது என்பது அதில்தான் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வேலையைக் கெடுக்க அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை அந்த நிறுவனமே ஒரு நிபுணர் குழு வைத்து 2000-ல் அறிக்கையாக வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 5.3 என்று ஒரு பிரிவு சேர்ந்தது: பொது சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து அரசுகள் பாதுகாக்க வேண்டும் என்று. இந்தியா அதில் 2004-லேயே சேர்ந்துவிட்டது. சேர்ந்து பதினொரு வருடம் கழித்துத்தான் பீடித் தொழில் உள்ளவர் அந்தக் குழுவில் இருந்தார்.

2020-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தப் பிரிவை ஒட்டித் தன் அதிகாரிகளுக்கு ஒரு நடத்தை விதி வெளியிட்டது. தேவையில்லாமல் புகையிலைக் கம்பெனி ஆட்களைச் சந்திக்கக் கூடாது, சந்தித்தால் வெளிப்படையாக இருக்க வேண்டும், பரிசு வாங்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அது அந்த ஒரு அமைச்சகத்தோடு நிற்கிறது. வரி போடுவது நிதி அமைச்சகம், பயிரைப் பார்ப்பது வணிக அமைச்சகம், தொழிலாளர் விஷயம் இன்னொரு அமைச்சகம். கதவு நாலு இருக்கும்போது ஒன்றை மட்டும் பூட்டினால் என்ன ஆகும்? போதாததற்கு எல்ஐசி கையில் ஐடிசியின் பங்கு சுமார் 15 சதவீதம் இருக்கிறது. நம் பாலிசிப் பணம் சிகரெட் கம்பெனியில் லாபம் பார்க்கிறது, அப்படியிருக்க அரசாங்கம் முழு மனதோடு அந்தக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்று எதை நம்பிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

85 சதவீதம் கடைசியில் வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டது, டாக்டர்கள் விடவில்லை, பத்திரிகைகள் எழுதின. 2016 மார்ச்சில் அந்தக் குழு 50 சதவீதம் போதும் என்று அறிக்கை கொடுத்தும், ஏப்ரல் 1 முதல் 85 சதவீதம் அமலானது. அன்றைக்குப் பெரிய சிகரெட் கம்பெனிகள் தொழிற்சாலைகளை மூடின, ஒரு நாளைக்கு 350 கோடி ரூபாய் நஷ்டம் என்றார்கள், அப்புறம் திறந்தார்கள். 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. படத்தால் பயன் உண்டா என்பவர்களுக்கு: 2009-10-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பில், எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்த பீடி குடிப்பவர்கள் 29 சதவீதம். பெரிய படம் வந்த பிறகு 2016-17-ல் எடுத்ததில் 54 சதவீதம். சிகரெட்டில் அது 38-லிருந்து 62 ஆனது. இதைத்தான் ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். புகையிலையால் வருடத்துக்குப் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் சாகிற நாட்டில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா?

சரி, என்ன செய்யலாம்? லாபியையே தடை செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த டாக்டர்கள் செய்ததும் லாபிதான். விவசாயச் சங்கம் கலெக்டரைப் பார்ப்பதும், பீடித் தொழிலாளர் சங்கம் அமைச்சரிடம் மனு கொடுப்பதும் அதுதான். ஆட்சியில் இருப்பவர்களிடம் போய்ப் பேசுவது நம் எல்லோருடைய உரிமை, அதைக் கம்பெனிக்கு மட்டும் மறுப்பதும் கஷ்டம். டாக்டர்கள் பெயரைச் சொல்லி, ஊரறியப் பேசினார்கள். மற்றவர்களையும் அப்படிப் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இதற்கு எனக்குப் பிடித்த வழி சிலி நாட்டுடையது. 2014-ல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா மாதிரி லாபி செய்கிறவரைப் பிடித்துப் பதிவு செய் என்பதை விட, பாரத்தை அதிகாரத்தில் இருப்பவர் தலையில் வைத்தார்கள். அமைச்சர், மேயர், உயர் அதிகாரி எல்லோரும் தங்களை யார் சந்தித்தார்கள், யாருக்காக, எதைப் பற்றிப் பேச, எந்த நாளில் என்று வெளியிட வேண்டும், போன பயணங்களையும் வாங்கிய பரிசுகளையும் சேர்த்து. வெளியிடாவிட்டால் அவருக்கு அபராதம். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். நம் ஊருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே தன்னை லாபி செய்பவர் என்று ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆலோசகர் என்பார், சங்கச் செயலாளர் என்பார், குடும்ப நண்பர் என்பார். ஆனால் அமைச்சர் யார், செயலாளர் யார் என்பதில் சந்தேகமே கிடையாது. அவர்களுடைய சந்திப்புப் புத்தகம் ஏற்கெனவே உதவியாளர் மேசையில் இருக்கிறது.

அப்படிச் செய்தால் ஆபீசில் பார்க்காமல் ஹோட்டலில் பார்ப்பார்கள் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். பார்ப்பார்கள்தான். இன்றைக்கு அந்த ஹோட்டல் சந்திப்பு தப்பே இல்லை, அதனால் வெளியே தெரிந்தாலும் ஒன்றும் ஆகாது. சட்டம் வந்தால் பதிவு செய்யாமல் பார்த்ததே குற்றமாகிவிடும், ஒரு போட்டோ போதும், ஒரு டிரைவர் வாயைத் திறந்தால் போதும். அயர்லாந்தில் வேறு மாதிரி, லாபி செய்பவர்களே வருடத்துக்கு மூன்று முறை யாரிடம் எதற்காகப் பேசினோம் என்று எழுதிப் போட வேண்டும், உயர் பதவியில் இருந்தவர்கள் விலகி ஒரு வருடத்துக்குத் தான் இருந்த இடத்திலேயே போய் லாபி செய்ய அனுமதி வாங்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஒன்றாவது முதலில் வரட்டும்.

இப்போதே இதற்கு அவசரம் இருக்கிறது. சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் என்று எச்சரிக்கை போடுவதா, எவ்வளவு ஆரோக்கியமானது என்று நட்சத்திரம் போடுவதா என்று வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு நட்சத்திரப் பக்கம் சாய்ந்தது, எச்சரிக்கைதான் வேண்டும் என்று டாக்டர்களும் நுகர்வோர் அமைப்புகளும் சொன்னார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது. சிலியில் 2016-லேயே கறுப்பு எச்சரிக்கை முத்திரை பாக்கெட்டில் வந்துவிட்டது. இங்கே அந்த ஆணையத்தின் அதிகாரிகளை இந்த வருடங்களில் எந்தெந்தக் கம்பெனி ஆட்கள் தனியாகச் சந்தித்தார்கள் என்ற பட்டியல் வெளியே இருந்தால், பிள்ளைகளுக்குப் பாக்கெட் வாங்கிக் கொடுக்கிற அம்மாக்கள் இந்த இழுபறியை வேறு விதமாகப் படிப்பார்கள்.

இதற்கு டெல்லியை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டில் அமைச்சர்களும் துறைச் செயலாளர்களும் தங்கள் அலுவல் சந்திப்புகளை மாதம் ஒரு முறை துறையின் இணையதளத்தில் போட வேண்டும் என்று ஒரு அரசாணை போட்டால் போதும், அதற்குச் சட்டமன்றம்கூடக் கூட வேண்டாம். மணல், குவாரி, மதுபானம், தனியார் பள்ளிக் கட்டணம், மின்சாரக் கொள்முதல் என்று நாம் தினமும் சண்டை போடுகிற எத்தனையோ விஷயங்களில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சண்டை போடலாம். என் தொகுதி எம்எல்ஏவுக்கு இதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் எம்எல்ஏவுக்கு எழுதுங்கள், எம்.பி.க்கு எழுதும்போது மக்களவைக்கு நலன் பதிவேடு ஏன் இல்லை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.